ஆனேக்கல் வீட்டு வாசலில் நாற்காலி போடுவது பற்றி

சாரதா,

உன் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்திருந்த படமும் வந்து சேர்ந்தன. படத்தைக் கூடத்தில் விரித்து வைத்து நானும் உங்கப்பாவும் பார்த்தோம். வீடு ஒரு கட்டம், கிணறு ஒரு வட்டம், புங்கமரம் அதைவிடப் பெரிய வட்டம், ரோடு இரண்டு கோடு. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒன்றும் வரையாமல் விட்டு, "இங்கே என்ன செய்யலாம்?" என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் அந்தச் சின்ன அறைக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை, சாயங்காலம் காற்றாட வெளியே உட்கார ஓர் இடத்தைச் சௌகரியமாக அமைத்துக்கொள்ள வேண்டும், யோசனை சொல் அம்மா என்று கேட்டிருந்தாய். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவள் என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் காட்டினேன்.

உங்கப்பா படத்தைக் கையில் எடுத்து, கோடெல்லாம் நேராக விழுந்திருக்கிறது என்று முதலில் மெச்சினார். சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதியே தலை நரைத்த மனிதர், கோடு நேராக இருந்தால் அவருக்கு மனசு குளிர்ந்துவிடும். ஆனால் நீ எழுதியிருந்ததைப் படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. காரணம் உன் சித்தப்பா. ஏதோ காரியமாக ஓசூருக்குப் போனவர், ஆனேக்கலில் பஸ் நின்றபோது உன்னைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பியதும் நேரே அல்சூருக்கு, நம் வீட்டுக்கு வந்து, காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். "அண்ணே, நம்ப சாரதா ரோட்டைப் பாத்து ஒரு பெட்டி மேல உக்காந்துகினு இருக்குது. பஸ்ஸுல இருக்கறவன்லாம் பாக்கறான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." அன்றிலிருந்து உங்கப்பாவுக்கு உள்ளுக்குள் குமைச்சல். உன் படத்தைப் பார்த்ததும் அது வெளியே வந்துவிட்டது. "ரோட்டுப் பக்கம் பூரா மூங்கில் தட்டி கட்டிக்கச் சொல்லு. ஆள் உசரத்துக்கு இருக்கணும். அப்புறம் உள்ளே அவ எப்படி வேணும்னாலும் உக்காரட்டும்" என்றார். இதை உனக்கு எழுதும்படி சொன்னார். எழுதிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் மாற்றவில்லை.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. கோபம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் படித்தேன். ஆஸ்பத்திரியில் ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் வந்து உடம்பைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் பெண்கள் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பற்றி எழுதியிருந்தாய். ஒருநாள் மருந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நீ வெளியே உட்கார்ந்திருந்தபோது, அவர்களில் ஒருத்தி ரோட்டைத் தாண்டி வந்து, நீதான் டாக்டரம்மாவா என்று கேட்டுவிட்டு, மண்ணில் உட்கார்ந்து குழந்தையின் வயிற்றைக் காட்டினாள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு தினமும் யாராவது வருகிறார்கள் என்றும், பேச்சோடு பேச்சாகத் தங்கள் வியாதியையும் சொல்லிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஆக, உன் அப்பா சொல்கிறபடி தட்டி கட்டினால் ஊர் வாய் மூடும், அந்தப் பெண்கள் வருவதும் நின்றுபோகும். கட்டாவிட்டால் அவர்கள் வருவார்கள், ஊரும் பேசும். கட்டுவதா வேண்டாமா என்பதுதான் இங்கே விஷயம். மற்றதெல்லாம் கல்லும் செடியும்தான்.

இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன்னால், நம் வீட்டு வாசலில் உங்கப்பா புல்தரை போட்ட கதையை நீ இன்னொரு தரம் கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அன்றைக்கு நடுவில் நின்றாய், நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஜன்னலிலிருந்து பார்த்தது உனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் இருந்த தண்டுப் பக்கத்தில் அவருடைய துரையின் பங்களாவுக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு உங்கப்பா போவார். துரை புல்தரையில் பிரம்பு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். உங்கப்பா புல்லின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, கையெழுத்துக்காக நிற்பார். உட்காரு என்று அத்தனை வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதே கிடையாது. ஆனால் அல்சூரில் சொந்த வீடு கட்டியதும் செய்த முதல் காரியம், வாசலில் நான் வைத்திருந்த கனகாம்பரத்தையும் அவரைப் பந்தலையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆழக் கொத்தி, எருவும் செம்மண்ணும் கொட்டிப் புல் பதித்ததுதான். பிரம்பு நாற்காலிகளும் வந்தன. நம் வீட்டுக்கு வருகிற மனுஷர்கள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. ரோட்டைப் பார்த்து நான் உட்கார முடியுமா? பெரியவர்கள் பனி ஏறும் என்று வராந்தாவைத் தாண்டவில்லை. உங்கப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு போய் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் கால் சில்லிட்டுப் போய், பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பங்கரைக்கு வந்துவிடுவார். அங்கேதான் நாம் எல்லோரும் இருப்போம்.

அப்புறம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒரு தாலுகாவையே ஆண்டு ஓய்வுபெற்ற அமல்தார், அவர் சம்சாரம், ஒரு ஓரமாக அந்தப் பையன். கட்டாயம் முடிந்துவிடும் என்று உங்கப்பாவுக்கு நம்பிக்கை. பலா மரத்தில் புதிதாக இரண்டு மணை இழைத்து வாங்கி, கல்யாணத்துக்கு என்று வராந்தாவில் துணி சுற்றி வைத்திருந்தார். விருந்தாளிகளை வெளியே புல்தரையில் உட்கார வைக்கப் போகிறேன், அல்சூரில் யாரும் இப்படிச் செய்ததில்லை என்றார். புல் பச்சைப்பசேல் என்று தெரிய வேண்டுமே என்று விடியற்காலையிலிருந்து கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார். எருப் போட்டுக் கொத்திய மண், அதில் அவ்வளவு தண்ணீர். அமல்தாரோ நல்ல கனத்த சரீரம். உட்கார்ந்தார். நாற்காலியின் பின்னங்கால்கள் மெதுவாக மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தன. ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து புல்லின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்த உங்கப்பாவுக்குத் தெரியவில்லை. மரியாதைப்பட்ட மனுஷர் என்பதால் அமல்தாரும் வாயைத் திறக்கவில்லை. டம்ளரை நேராகப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டே போனார். கடைசியில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவர் கணுக்கால் மடங்கி, காபியோடு புல்லில் விழுந்தார்.

நீ அப்போதுதான் பலகாரத் தட்டோடு வெளியே வந்தாய். தலை குனிந்து வர வேண்டும், நமஸ்காரம் பண்ண வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து உனக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். நீ தட்டைத் தரையில் வைத்தாய். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாய். அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாய். வராந்தாவுக்கு ஓடி, துணியைப் பிரித்து அந்த இரண்டு மணையையும் எடுத்து வந்து, சேற்றில் போட்டு, அதன்மேல் நாற்காலிக் கால்களை நிறுத்தி அவரை உட்கார வைத்தாய். பிறகு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாய். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஈரத்துணி போட்டால் வீக்கம் வராது என்றாய். அமல்தார் குழந்தைபோலக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம்தான் எழுந்துவிட்டாள்.

"நாங்க பொண்ணு பாக்க வந்தோம். வைத்தியம் பாத்துக்க வரலை" என்றாள்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருங்கம்மா, கட்டிட்டு வந்துடறேன்" என்றாய். எனக்கு ஜன்னலுக்குப் பின்னால் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இந்த இடம் தட்டிப்போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கும் மேலே வேறு ஒன்று தெரிந்தது. என் வயிற்றில் பிறந்தது ரொம்பப் பெரிய ஆள் என்று தெரிந்தது. அன்றைக்கு அதை உன்னிடம் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு, டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நீ வாயைத் திறந்து கேட்டபோதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கப்புறம் உங்கப்பா நம் இருவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். கல்யாண மணையைச் சேற்றில் போட்டுவிட்டாய் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மணைகளையும் பிரம்பு நாற்காலிகளையும் கழுவக்கூடச் செய்யாமல் பரணில் ஏற்றினார். புல் காய்ந்தது. ஒருநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் தென்னமட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவர், செப்பு அண்டாவைப் பார்த்துக்கொண்டே, "மதராஸ் வெயிலு இவளுக்குத் தாங்குமா?" என்று கேட்டார். அண்டாவிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். நீ மதராஸுக்குப் போய்ப் படிக்கலாம் என்று அவர் சம்மதம் கொடுத்தது அவ்வளவுதான். உங்கப்பா வாயால் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நாம் மூட்டை கட்ட வேண்டும்.

கொல்லையில் ஏதோ சுத்தியல் சத்தம் கேட்கிறது. மூங்கிலைப் பிளந்து உனக்குத் தட்டி பின்ன ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இது விஷயமாக அவரோடு சண்டை போட்டேன். ஏரிக்கரையில் நடக்கப் போனால் எதிரில் வருகிறவர்களிடமெல்லாம், கேட்கிறார்களோ இல்லையோ, நான் டாக்டர் சாரதாவோட அப்பா என்று சொல்லிக்கொள்கிற மனுஷர் இவர். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். "ஊரெல்லாம் டாக்டரம்மா அப்பான்னு சொல்லிக்கறீங்க. அந்த டாக்டரம்மாவைத் தட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா, நீங்க யாரோட அப்பான்னு சொல்லிக்குவீங்க?" என்று கேட்டேன். மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். அடிக்கட்டும். தட்டி வந்தால் அதையும் எங்கே கட்டுவது என்று சொல்கிறேன்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். முதலில் படத்தை மடித்து வை. காகிதத்தில் இடம் தேடினால் உங்கப்பா போட்ட புல்தரைதான் கிடைக்கும். உன் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல் முழுக்க ஒவ்வோர் இடமாகப் போய் உட்கார்ந்து பார். காலையில் ஒரு தரம், நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நேரத்தில் ஒரு தரம். எங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லையோ அதுதான் இடம். உன் வீடு மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும். புங்கமர நிழல் அந்த நேரத்தில் எதுவரைக்கும் வருகிறதென்று பார்த்து அதற்குள் இருந்துகொள். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வரும். அதற்கு அந்தப் பக்கம் வேலியோரம் செம்பருத்தியை நெருக்கமாக வைத்து, இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் போதும். தலைக்கு மேலே பந்தல் வேண்டுமானால் அவரைக்கொடி ஏற்று, மார்கழியில் காயும் ஆயிற்று. முருங்கை மட்டும் கிட்டத்தில் வைத்துவிடாதே. நான் கொல்லையில் உட்காருகிற இடத்துக்கு நேர்மேலே முருங்கை வைத்து, கம்பளிப்பூச்சி விழுந்து கௌரம்மா கழுத்தெல்லாம் தடித்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

தரையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். புல் வேண்டாம். ஆனேக்கல் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. பட்டையாக வெட்டின கற்பலகைகளை வாங்கி, தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஓடும்படி லேசான சரிவில் பாவச் சொல். மழை விட்டதும் துடைத்துவிட்டு உட்காரலாம், நாற்காலி இறங்காது, குழந்தைகள் அசிங்கம் பண்ணினாலும் ஒரு குடம் தண்ணீரில் போய்விடும்.

உட்காருவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் முன்வாசல் அத்தனை அழகாக இருந்தும் எல்லோரும் ஏன் வெந்நீர் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தோம் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். குளிருக்கு இதமாக இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே நாற்காலி இல்லை என்பதும் ஒரு காரணம். துணி துவைக்கிற கல், விறகுக் கட்டை, கவிழ்த்த வாளி, யாருக்கு எது கிடைக்கிறதோ அதில் உட்காருவோம். கௌரம்மா வருவாள், மோர்க்காரி வருவாள், உங்கப்பாவும் வருவார். யார் பெரியவர் யார் சின்னவர் என்று பார்த்து உட்கார வேண்டிய வேலையே இல்லை. நீ இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உன்னிடம் வருகிற பெண் என்ன செய்வாள்? டாக்டரம்மா முன்னால் நாற்காலியில் உட்கார அவளுக்குத் துணிச்சல் வராது, நீ எத்தனை தரம் சொன்னாலும் தரையில்தான் உட்காருவாள். நீ மேலே, அவள் கீழே என்றால் அது வீட்டு வாசலாக இருக்காது, கச்சேரி ஆகிவிடும். அதனால் அந்த மர நிழல் விழுகிற இடத்தில் நீளமாக ஒரு கற்பலகையை இரண்டு கல்லின்மேல் பெஞ்சுபோல நிறுத்து. ரொம்பத் தாழ்வாக வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி எழுந்திருக்கக் கஷ்டப்படக்கூடாது. வருகிறவள் இருக்கும்போது நீயும் நாற்காலியை விட்டு அந்தக் கல்லில் போய் அவள் பக்கத்தில் உட்கார். பக்கத்தில் ஒரு பானையில் தண்ணீர் வை. இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. அமல்தார் காலடியில் குந்தியவளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டாயே என்று எழுதுகிறேன்.

வேலி இடுப்பு உயரத்துக்கு இருந்தால் போதும். நீ உட்கார்ந்திருந்தால் ரோட்டிலிருந்து உன் முகம் தெரிய வேண்டும். மரத்தடியில் நிற்கிறவளுக்கு டாக்டரம்மா வெளியே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும். அப்பா தட்டி பின்னி அனுப்பினால், வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. கிணற்றடிக்கும் துணி உலர்த்துகிற கொடிக்கும் முன்னால் கட்டிக்கொள். குளிக்கிற இடத்துக்கும், ஒரு பெண் தன் உடம்பை உன்னிடம் காட்ட வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு மறைப்பு வேண்டியதுதான். அதற்கு உங்கப்பா தட்டி உபயோகப்படும். வாசலில் மட்டும் கட்டாதே, சாரதா. இதுதான் என் பதில்.

பயமில்லாமல் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கும் பயம் இருக்கிறது. ஊர் பேசுவது உன் காதில் விழும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கல்யாணம் ஆகாதவள், தனியாக இருக்கிறவள், பஸ் போகிற ரோட்டைப் பார்த்து உட்காருகிறவள் என்று என்னவெல்லாம் சொல்வார்களோ, அதையெல்லாம் நான் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லிப் பார்த்த பிறகும், கையை மடியில் வைத்துக்கொண்டு என் பெண் தன் வீட்டு வாசலில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. கொல்லையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கையில் ஏதாவது வேலை இருக்கும். அவரைக்காய் உரிப்பேன், அரிசியில் கல் பொறுக்குவேன், ஒன்றும் இல்லாவிட்டால் பழைய துணியைக் கிழித்துத் திரி திரிப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று ஒரு எண்ணம். "சும்னே கூத்கோளம்மா" என்பாள் கௌரம்மா. சும்மா உட்காருங்கள் என்று அர்த்தம். அவள் கையிலும் ஏதாவது இருக்கும். சொந்தச் சம்பாத்தியத்தில், பட்டப்பகலில், வெறுங்கையோடு வாசலில் உட்காருகிற முதல் பெண் நம் வீட்டில் நீதான். சித்தப்பா பஸ்ஸிலிருந்து பார்த்தது அதைத்தான். அவருக்கு ஒரு மாதிரி ஆயிற்றாம். எனக்கு அதைக் கேட்டபோது அந்த பஸ்ஸில் நான் இல்லாமல் போனேனே என்றிருந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். வாசலில் நாற்காலி வாங்கிப் போட்டால் இரண்டாகப் போடு. இரண்டும் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் நான் வருகிறேன். உங்கப்பா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. சாயங்காலம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன் பக்கத்தில் உட்காருவேன். கையில் ஒன்றும் எடுத்து வரமாட்டேன்.

இதுவரைக்கும் எழுதி முடித்து, கவரைத் தேடப் போனேன். கொல்லைப்புறத்தில் சத்தம் இன்னும் ஓயவில்லை. தட்டி எவ்வளவு நீளம் பின்னியிருக்கிறார் பார்ப்போம், இரண்டு வார்த்தை கேட்போம் என்று போனேன். மூங்கிலையே காணோம். பரணிலிருந்த பிரம்பு நாற்காலிகளில் இரண்டை இறக்கி, தூசி தட்டித் துடைத்து, வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தார். அந்தப் பலா மணைகளையும் இறக்கியிருந்தார். அமல்தாரின் நாற்காலிக் கால்கள் பதிந்த சேற்றுத் தடம் அதில் அப்படியே காய்ந்து இருந்தது. ஒவ்வொரு மணையையும் இரண்டாக அறுத்து, முன்கால்களுக்கு ஒரு துண்டு, பின்கால்களுக்கு ஒரு துண்டு என்று வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி முடிந்துவிட்டது. இன்னொன்றுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

உன் கல்யாணத்துக்கு என்று துணி சுற்றி வைத்த மணை. இத்தனை வருஷமாகப் பரணில் இருந்த அதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் எப்போது சொன்னாலும் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இருந்தவர். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். என்னைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆனேக்கல்ல மண்ணு எப்படி? இளக்கமா, கெட்டியா?"

தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சனிக்கிழமை பஸ்ஸின் மேலே இரண்டு நாற்காலி வரும், உள்ளே நாங்கள் இரண்டு பேர் வருவோம். கற்பலகை பாவச் சொன்னேனே, அதைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே, நாங்கள் திரும்பிப் போன பிறகு பாவிக்கொள். மண் ரொம்ப இளக்கம், காலுக்குப் பலகை இல்லாவிட்டால் நாற்காலி நிற்காது என்று அவர் பேருக்குத் தனியாக ஒரு கார்டு போடு.

உன் அம்மா